கூரிய ஒலியும் கூர்மை இழக்கும் செவியும்



நம் இல்லங்கள் பலவற்றில் நாள்தோறும் நடைபெறும் ஒரு வழக்கு இது.

"எந்நேரமும் அந்த இயர்போனைக் காதிலே செருகிக்கொண்டிருக்கிறாயே! பக்கத்தில் இருக்கும் எனக்கே கிணுகிணு என்று கூராகக் கேட்கிறது. உன் காது என்னத்துக்கு ஆகும்?" என்கிறார் தந்தை.

"எனக்குக் காது வலிக்கவில்லையே, வாப்பா! இது நல்ல இயர்போன். ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்கிறது" என்கிறான் மகன்.

"இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள்" என்று தாய் வழக்கை மறுநாளைக்கு ஒத்திவைக்கிறார்.

இவ்வழக்கில் நியாயம் யார் பக்கம்? தந்தை ஒலியின் கூர்மையைக் கண்டு அஞ்சுகிறார். மகன் வலி இல்லாததைக் கண்டு அமைதி கொள்கிறான். இருவருடைய அக்கறையும் உண்மையானதே. ஆனால் இருவர் கையிலும் உள்ள அளவுகோல் தவறானது. கூர்மை மட்டும் காதைக் கெடுப்பதில்லை. வலி வந்து எச்சரிக்கும்வரை கேடு காத்திருப்பதும் இல்லை. அப்படியானால் காதைக் கெடுப்பது எது? அதை அளப்பது எப்படி? ஒருமுறை இழந்தால் மீளாத ஒன்றைப் பற்றிய கேள்விகள் இவை. ஆகவே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

ஒலி மனிதனின் செவிக்குள் தனியாகக் குடியேறிய கதை நெடுங்காலத்தது அன்று. 1979ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் சிறு கேசட் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து திரும்பிய நம்மவர்களின் பெட்டிகளில் அது நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. தொடக்க காலக் கருவிகளில் கேசட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் கடைக்கு ஓட வேண்டும். அந்தத் தொல்லைகளே செவிக்கு ஓய்வாகவும் அமைந்தன. இன்றைய கைப்பேசிக்கோ திருப்பிப் போடப் பக்கமும் இல்லை, முடிவும் இல்லை. காலையில் பேருந்தில் தொடங்கும் ஒலி, இரவில் தலையணை வரை உடன் வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் செவித்திறன் குறித்து விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 12 முதல் 35 வயது வரையிலானோரில் 100 கோடிக்கும் மேற்பட்டோர், தம் கேட்கும் பழக்கத்தினாலேயே செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அது மதிப்பிடுகிறது. இவர்கள் அனைவரும் செவித்திறனை இழந்தே தீருவர் என்பது இதன் பொருளன்று. இழக்கக்கூடிய வழியில் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே பொருள். வழியை மாற்றிக்கொள்ள இன்னும் இடமுண்டு என்பதால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

செவிக்குள் நடப்பது என்ன?

நாம் காது என்று சொல்லும் புறமடல் வெறும் வாசல்தான். அதிலிருந்து ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் உள்ளே செல்கிறது. அதன் முடிவில் செவிப்பறை. அதற்கப்பால் சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகியவற்றின் வடிவங்களை ஒத்த மூன்று சிறு எலும்புகள். செவிப்பறையின் அதிர்வை இவை வாங்கி, நத்தைக்கூட்டைப் போலச் சுருண்டிருக்கும் 'காக்ளியா' என்னும் உறுப்புக்குக் கடத்துகின்றன. இரண்டரைச் சுற்றுச் சுருண்ட அவ்வுறுப்பை நீட்டி வைத்தால் சுமார் 35 மில்லிமீட்டர் இருக்கும். நம் சுட்டுவிரலின் பாதியளவே!

அதனுள் நிறைந்துள்ள நீர்மத்தில் ஒலி அலையாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தை உணர்வதற்கு வரிசை வரிசையாக மயிர்ச் செல்கள் அமைந்திருக்கின்றன. உள்வரிசையில் ஏறத்தாழ 3,500, வெளிவரிசைகளில் ஏறத்தாழ 12,000. ஒரு காதுக்கு இவ்வளவே இருப்பு. கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கோடிக்கணக்கில் உள்ளன என்பதை நினைத்துப் பார்த்தால், செவி எத்துணைச் சிறிய முதலீட்டைக் கொண்டு வாழ்நாள் முழுவதும் வணிகம் நடத்துகிறது என்பது விளங்கும்.

இச்செல்களுக்குள் வேலைப் பங்கீடும் உண்டு. காக்ளியாவின் வாசலருகே இருப்பவை கூரிய ஒலிகளையும், உள்முனையில் இருப்பவை கனத்த ஒலிகளையும் ஏற்கின்றன. காக்ளியாவினுள் ஒலி அலை ஓடும் விதத்தைக் கண்டறிந்து விளக்கியவர், ஹங்கேரியில் பிறந்த கியார்க் வான் பெக்கேஷி. அதற்காக 1961இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மயிர்ச் செல்லின் உச்சியில் இருக்கும் நுண்ணிய இழைகள், ஒலி வரும்போது சாய்ந்து நிமிர்கின்றன. வயலில் நெற்பயிரைக் காற்று சாய்க்கிறது. காற்று நின்றதும் பயிர் நிமிர்கிறது. அதே பயிரின்மீது நாள்தோறும் நடந்து சென்றால் என்ன ஆகும்? சில நாள்களில் அங்கே ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். அதன் பிறகு அவ்விடத்தில் பயிர் இல்லை. மிகையான ஒலி, செவிக்குள் இத்தகைய பாதையைத்தான் போடுகிறது. இழைகள் வளைகின்றன, ஒடிகின்றன, ஓய்வின்றி உழைக்கும் செல்லுக்குள் நச்சுப் பொருள்கள் பெருகி, இறுதியில் செல்லே மடிகிறது.

கோழிக் குஞ்சுகளுக்கு இவ்வாறு மடிந்த செல்கள் மீண்டும் முளைக்கின்றன என்பதை 1980களின் பிற்பகுதியில் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். மனிதனுக்கு அவ்வாறு முளைப்பதில்லை. மடிந்தது மடிந்ததே. காது கேட்கும் கருவிகள் எஞ்சியவற்றைக் கொண்டு ஒலியைப் பெருக்கித் தருமேயன்றி, இழந்ததைத் திரும்பத் தரமாட்டா.

டெசிபல் என்னும் விந்தைக் கணக்கு

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிக்கிறார்கள். மெல்லிய கிசுகிசுப்பு ஏறத்தாழ 30 டெசிபல். இருவர் இயல்பாக உரையாடுவது 60 டெசிபல். இரைச்சல் மிகுந்த சாலை 80 டெசிபலைத் தொடும்.

இந்த எண்களை நாம் காய்கறிக் கணக்குப் போலக் கருதிவிடக்கூடாது. 80க்கும் 83க்கும் உள்ள வேறுபாடு வெறும் மூன்றுதானே என்று தோன்றும். உண்மையில் மூன்று டெசிபல் கூடும்போது ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. பத்து டெசிபல் கூடினால் பத்து மடங்கு. இருபது கூடினால் நூறு மடங்கு!

இதிலே இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஆற்றல் பத்து மடங்கு கூடும்போது, நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு உரத்ததாக மட்டுமே தோன்றுகிறது. பத்து மூட்டைகளை ஏற்றிய வண்டிக்காரன், "இரண்டு மூட்டைதான் ஏற்றினேன்" என்று கணக்குச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் செவியும் தன்மீது ஏறும் சுமையைக் குறைத்துச் சொல்கிறது. "எனக்கு அளவோடுதான் கேட்கிறது" என்று இளைஞன் சொல்வது பொய்யன்று. அவனுடைய செவி அவனிடம் சொன்ன கணக்கு அது.

இனி, காதுக்கு எவ்வளவு தாங்கும்? உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் அதே 40 மணி நேரம். ஒலி ஏற ஏற நேரம் சுருங்குகிறது. பெரியவர்களுக்கு 85 டெசிபல் என்றால் வாரத்திற்குப் பன்னிரண்டரை மணி நேரம். 90 என்றால் 4 மணி நேரம். 95 என்றால் ஒன்றேகால் மணி நேரம். 100 டெசிபல் என்றால் வெறும் 20 நிமிடம். நாளைக்கு 20 நிமிடமன்று. வாரம் முழுமைக்கும் 20 நிமிடம்! ஐந்து நிமிடப் பாட்டு நான்கு கேட்டால் அவ்வாரத்துப் பங்கு தீர்ந்தது. முழு ஒலியில் வைத்தால் 100 டெசிபலை எட்டக்கூடிய கைப்பேசிகளும் இயர்போன்களும் இன்று நம் சட்டைப் பைகளிலேயே இருக்கின்றன.

ஆக, செவிக்குக் கேடு செய்வது ஒலியின் அளவும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த பெருக்குத்தொகையே. இதுதான் சரியான அளவுகோல்.

கொதிகலன் தொழிலாளர் கற்பித்த பாடம்

இயர்போன் பரவலாவதற்கு நெடுங்காலம் முன்பே இப்பாடத்தைத் தம் செவிகளை விலையாகக் கொடுத்துக் கற்பித்தவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கப்பல்களுக்கான இரும்புக் கொதிகலன்களைச் செய்த தொழிலாளர்கள் அவர்கள். இரும்புத் தகடுகளை ஆணி அறைந்து இணைக்கும்போது, ஒருவர் கொதிகலனுக்கு உள்ளேயே அமர்ந்து ஆணியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வெளியே விழும் ஒவ்வொரு சம்மட்டி அடியும் உள்ளே இடியாய் இறங்கும்.

அந்நகரத்துக் காது மருத்துவர் தாமஸ் பார், 1886இல் இத்தகைய தொழிலாளர் நூறு பேரின் செவித்திறனை ஆராய்ந்தார். தபால்காரர்கள் போன்ற பிற தொழிலாளரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கொதிகலன் தொழிலாளரின் செவிகள் மிகவும் பழுதுபட்டிருக்கக் கண்டார். 'கொதிகலன்காரர் காது' என்னும் பெயர் மருத்துவ நூல்களிலேயே இடம்பெற்றது.

பிற்காலத்தில் செவித்திறனை அளக்கும் ஆடியோமீட்டர் வந்தபோது ஒரு புதிய உண்மை புலப்பட்டது. இரைச்சலால் கெட்ட காதுகள் எல்லா ஒலிகளையும் ஒரே சீராக இழப்பதில்லை. 4,000 ஹெர்ட்ஸ் என்னும் கூரிய ஒலியை ஒட்டிய பகுதியிலேதான் முதற்பள்ளம் விழுகிறது. மருத்துவர் வரைந்து தரும் ஆடியோகிராம் படத்தில் அவ்விடம் ஒரு குழிபோலத் தெரியும். அதற்கு ஒரு காரணம் செவிக்குழாயின் அமைப்பே. புல்லாங்குழலின் நீளம் அதன் ஒலியைத் தீர்மானிப்பதுபோல, இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள நம் செவிக்குழாய், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை 10 டெசிபலுக்கும் மேலாகப் பெருக்கி உள்ளே அனுப்புகிறது. உள்ளே அந்த அடியைத் தாங்குவது அதை ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயும் உள்ள கூரிய பகுதி.

அப்படியானால் கூரிய ஒலி குற்றவாளியா?

இப்போது தந்தையின் அச்சத்திற்கு வருவோம். சில இயர்போன்கள் 'ட்ரெபிள்' எனப்படும் கூரிய ஒலிகளை எடுப்பாகத் தருகின்றன. அவற்றில் 'ஸ்', 'ஷ்' என்னும் ஒலிகள் சீறும். தாளத்தின் சலங்கை ஒலி பளிச்சிடும். இவை கேட்பவருக்குச் சலிப்பையும் எரிச்சலையும் தரலாம். ஆனால் சலிப்பு வேறு, சிதைவு வேறு. மிதமான அளவில், அளவான நேரம் கேட்கப்படும் கூரிய ஒலி, கூராக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் செவியைக் கெடுப்பதில்லை. இது மகனுக்குச் சாதகமான தீர்ப்பு.

ஆனால் தீர்ப்பின் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். ஒரே ஆற்றலுள்ள இரண்டு ஒலிகளில், கனத்த ஒலியைவிட 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே செவிக்கு அதிகத் தீங்கு செய்ய வல்லது. ஆகவே, எடுப்பான ட்ரெபிள் உள்ள இயர்போனை உரக்க வைத்துக் கேட்பவர், செவி எங்கே மிகவும் மென்மையாக இருக்கிறதோ அங்கேயே சுமையை இறக்குகிறார். இது தந்தைக்குச் சாதகமான தீர்ப்பு.

அதற்காக, "என்னுடையது அதிரும் பேஸ் உள்ள இயர்போன்; கூர்மையே இல்லை; எனக்குக் கவலையில்லை" என்று மற்றொருவர் மகிழ்ந்துவிடவும் முடியாது. கனத்த ஒலிகளை உணர்வதில் நம் காது சற்று மந்தமானது. கூரிய ஒலி எளிதில் கேட்கும். கனத்த ஒலி கேட்க வேண்டுமானால் அதைப் பல மடங்கு உயர்த்த வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933லேயே இதை அளந்து காட்டியுள்ளனர். அந்த அதிர்வை அனுபவிக்க வேண்டி அவர் மொத்த ஒலியையும் ஏற்றுகிறார். அதனுடன் கூரிய ஒலிகளும் சேர்ந்தே ஏறுகின்றன. பேருந்து இன்ஜினின் உறுமல் கனத்த ஒலிகளை விழுங்கிவிடுவதால், பயணத்தில் இன்னும் ஏற்றுகிறார்.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. பழைய மலிவுக் கருவிகளில் ஒலியை ஏற்றினால் ஒரு கட்டத்தில் கரகரக்கும். அந்தக் கரகரப்பே, "போதும், குறை" என்று சொல்லும் காவலனாக இருந்தது. இன்றைய நல்ல கருவிகள் எவ்வளவு ஏற்றினாலும் தூய்மையாக ஒலிக்கின்றன. துல்லியம் நல்லதுதான், ஆனால் அது பாதுகாப்பின் முத்திரையன்று. விலை உயர்ந்த இயர்போன் என்பதால் காது கெடாது என்று எண்ணுவது, விலை உயர்ந்த சர்க்கரையால் நீரிழிவு வராது என்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

செவிக்குள் செல்வது எது என்பதும் இங்கே ஒரு பொருட்டன்று. பாட்டா, பயானா, கல்லூரிப் பாடமா, கிரிக்கெட் வர்ணனையா என்று மயிர்ச் செல் வேறுபாடு பார்ப்பதில்லை. அது அறிந்தது அளவையும் நேரத்தையும் மட்டுமே. நல்லதைத்தானே கேட்கிறோம் என்று ஒலியை முழுவதும் ஏற்றுவோரும் இக்கணக்கிற்கு உட்பட்டவர்களே.

முதலில் போவது எது?

"காதின் கூரிய பகுதி கொஞ்சம் போனால் என்ன? குயில் கூவுவது கேட்காது, அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். அவ்வளவுதான் என்றால் இத்தனை பக்கங்கள் எழுத வேண்டியதில்லை.

நம் பேச்சில் உயிரொலிகள் கனத்தவை, உரத்தவை. மெய்யொலிகளில் பல கூரியவை, மெலிந்தவை. கட்டை, சட்டை, தட்டை, பட்டை என்னும் நான்கு சொற்களைச் சொல்லிப் பாருங்கள். ஓசை ஒன்றே. பொருளைப் பிரித்துக் காட்டுவது, முதலில் வந்து மின்னி மறையும் மெய் மட்டுமே. செவியின் கூரிய பகுதி கெட்டவருக்கு அந்த ஓசை கேட்கும், சொல் கேட்காது. "நீங்கள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பதுதான் விளங்கவில்லை" என்று அவர் சொல்வார். வீட்டில் ஒருவரோடு பேசும்போது சமாளித்துவிடுவார். கல்யாண வீட்டில், கடைத்தெருவில், நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் தடுமாறுவார். மற்றவர் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் தாமும் சிரிப்பார். பிறகு, கூட்டத்தையே தவிர்ப்பார். பிறர் அதைக் கர்வம் என்பார்கள்.

ஓதிக்கொடுக்கும் பணியில் உள்ளோருக்கு இது இன்னும் நுட்பமாக விளங்கும். அரபியின் ஸீன், ஸே ஆகிய எழுத்துகளின் உச்சரிப்பு வேறுபாடு அந்தக் கூரிய சீறலில்தான் அடங்கியிருக்கிறது. மாணவன் அவ்வேறுபாட்டைக் கேட்டால்தான் நாவில் கொண்டுவருவான். ஓதுதலைத் திருத்திக்கொள்ள வேண்டி இயர்போனில் உரக்கக் கேட்கும் மாணவன், அந்த வேறுபாட்டை உணரும் திறனையே தேய்த்துக்கொள்வானானால், அதைவிடப் பரிதாபம் வேறென்ன?

இங்கேதான் அந்தக் கொடிய சுழல் தொடங்குகிறது. கூரிய ஒலி கேட்பது குறையும்போது, "என் காது மங்கிவிட்டது" என்று எவருக்கும் தோன்றுவதில்லை. "இந்த இயர்போன் மங்கலாக இருக்கிறது" என்றே தோன்றுகிறது. ஆகவே ட்ரெபிளை ஏற்றுகிறார். அதைவிடக் கூரிய இயர்போனைத் தேடி வாங்குகிறார். ஒலியை இன்னும் இரண்டு கட்டம் உயர்த்துகிறார். அந்த உயர்வு, எஞ்சியிருக்கும் செல்களையும் தேய்க்கிறது. மறுபடியும் மங்குகிறது. மறுபடியும் ஏற்றுகிறார். கூர்மையைத் தேடித் தேடியே கூர்மையை இழக்கும் சுழல் இது. உங்கள் வீட்டுப் பிள்ளை சென்ற ஆண்டு வைத்த அளவைவிட இந்த ஆண்டு உயர்த்தி வைத்தால்தான் நிறைவு கொள்கிறான் என்றால், குறை இயர்போனில்தானா என்று ஒரு கணம் நின்று யோசியுங்கள்.

செவி தரும் எச்சரிக்கைகள்

காது வலிப்பதற்கு ஏறத்தாழ 120 டெசிபலும் அதற்கு மேலும் வேண்டும். கேடோ அதற்கு வெகு கீழேயே தொடங்கிவிடுகிறது. எனவே வலியை எதிர்பார்த்துக் காத்திருப்பது, வெள்ளம் கூரையைத் தொட்ட பின் படகு தேடுவதாகும். ஆனால் செவி வேறு வகைகளில் பேசுகிறது. இயர்போனைக் கழற்றியதும் 'ங்ஙொய்' என்ற ரீங்காரம், காதில் பஞ்சு அடைத்தாற்போன்ற மந்தம், தொலைக்காட்சி ஒலியைக் கூட்டச் சொல்லுதல், தொலைபேசியில் "என்ன? என்ன?" என்று மீண்டும் மீண்டும் கேட்டல் ஆகியன அதன் மொழி.

"மறுநாள் காலையில் சரியாகிவிட்டதே" என்று ஆறுதல் கொள்வோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்னும் ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் இரண்டு மணி நேரம் வைத்தனர். சில வாரங்களுக்குள் அவற்றின் கேட்கும் திறன் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. மயிர்ச் செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் செவியின் சில பகுதிகளில், அச்செல்களை நரம்போடு இணைக்கும் முனைகளுள் ஏறத்தாழ பாதி அழிந்து போயிருந்தன! எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதனுக்கும் நேரும் என்று இதைக்கொண்டு அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. என்றாலும், 'சரியாகிவிட்டது' என்னும் சொல்லை நம்பி மீண்டும் மீண்டும் கடன் வாங்குவது விவேகமன்று.

அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதும் வாதமாகாது. ஒரே இரைச்சலை ஒருவர் காது தாங்குகிறது. மற்றொருவர் காது தாங்குவதில்லை. யாருடையது எத்தகைய காது என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு ஒன்று 2008இல் இந்நிலையை ஆராய்ந்தது. நாளைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் உரத்த ஒலியில் ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் கேட்டு வருவோரில், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் நிரந்தரச் செவித்திறன் இழப்புக்கு ஆளாகும் அபாயம் உண்டு என்று அது கூறிற்று. தொண்ணூறு பேர் தப்பலாம். அந்தப் பத்துப் பேரில் நம் பிள்ளை இல்லை என்பதற்கு உறுதி அளிப்பவர் யார்?

நாம் செய்யக் கூடியவை

இயர்போனைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. அது தொலைவிலிருக்கும் கணவனின் குரலை மனைவிக்கும், ஆசிரியரின் பாடத்தை மாணவனுக்கும் கொண்டுவந்து சேர்க்கும் நல்ல கருவி. அதைப் பழக்குவது நம் கையில் இருக்கிறது.

அமைதியான அறையில் அமர்ந்து, பேச்சு தெளிவாக விளங்கும் மிகக் குறைந்த அளவு எதுவென்று பாருங்கள். அதுவே உங்கள் அளவு. முழு ஒலியில் நூற்றுக்கு அறுபதைத் தாண்டாமல், ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை காதுக்கு ஓய்வு தருவது நல்ல பழக்கம். ஆனால் கருவிக்குக் கருவி இவ்வளவு மாறும் என்பதால் அதைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். காதில் செல்லும் ஒலியை டெசிபல் கணக்கில் காட்டும் வசதியும், குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாமல் பூட்டி வைக்கும் வசதியும் இன்று பல கைப்பேசிகளில் இருக்கின்றன. பிள்ளைகளின் கைப்பேசியில் அந்தப் பூட்டை இன்றே போடுங்கள்.

இயர்போனோடு இருப்பவரிடம், கைநீட்டும் தூரத்தில் நின்று இயல்பான குரலில் பேசிப் பாருங்கள். அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்றால் ஒலி அதிகமாக இருக்கக்கூடும். காதை இறுக அடைக்கும் இயர்போனாக இருந்தால் மட்டும் இச்சோதனை பொருந்தாது.

பேருந்திலும் இரயிலிலும் வெளி இரைச்சலை வெல்வதற்காக ஒலியை ஏற்றாதீர்கள். காதில் நன்கு பொருந்தி வெளி ஒலியைத் தடுக்கும் இயர்போன், அல்லது இரைச்சலைக் குறைக்கும் மின்னமைப்புடைய இயர்போன், குறைந்த ஒலியிலேயே தெளிவைத் தரும். ஆனால் சாலையில் நடக்கும்போதும் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் எந்த இயர்போனும் காதில் இருத்தலாகாது. அங்கே செவியோடு உயிரும் பணயமாகிறது.

ஒலி கூராகக் குத்துகிறதென்றால், 'ஈக்வலைசர்' அமைப்பில் ட்ரெபிளைச் சற்றுக் குறையுங்கள். பேஸ் போதவில்லை என்று தோன்றினாலும், அதை ஏற்றுவதற்குப் பதிலாக மற்றதைக் குறைப்பதே செவிக்கு நல்லது. இரவில் இயர்போனோடு உறங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நாம் உறங்கினாலும் செவிக்கு அப்போது விடுமுறை கிடைப்பதில்லை.

ரீங்காரம் நீடித்தாலோ, பேச்சு விளங்குவது குறைந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று ஆடியோமெட்ரி சோதனை செய்துகொள்ளுங்கள். வலியில்லாத, எளிய சோதனை அது. ஒரு காதின் கேட்கும் திறன் திடீரென்று போய்விட்டால் அது அவசர நிலை. காதில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று எண்ணி எண்ணெய் விட்டு நாள்களைக் கடத்தாமல், அன்றே மருத்துவரைக் காண வேண்டும். தாமதம் ஆக ஆக மருந்து பலன் தரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

பெற்றோருக்கு ஒரு சொல். "காது செவிடாகிவிடும்" என்று அச்சுறுத்துவதால் பயனில்லை. நாளைக்கு வரும் கேட்டைக் காட்டி இன்றைய இன்பத்தைத் தடுப்பது எந்த வயதிலும் கடினம். அதற்குப் பதிலாக டெசிபல் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். கைப்பேசியில் அதைப் பார்க்கச் செய்யுங்கள். வாரத்திற்கு அவனுடைய பங்கு எவ்வளவு, அதில் எவ்வளவு செலவாயிற்று என்று அவனே கணக்கிடட்டும். கணக்குத் தெரிந்த பிள்ளை முதலைக் கரைக்க மாட்டான்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். துல்லியமான ஒலியை நேசிப்பது குற்றமன்று, அது ரசனை. ஆனால் இயர்போன் பழுதானால் கடையில் இன்னொன்று வாங்கலாம். அதன் துல்லியத்தைச் சுவைக்கும் செவிக்குக் கடை இல்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பேரப்பிள்ளையின் மழலையில் 'ச'வுக்கும் 'த'வுக்கும் வேறுபாடு கேட்க வேண்டும் என்று விரும்புகிறீர்களா? இப்போது கைப்பேசியை எடுத்து, ஒலியை இரண்டு கட்டம் குறையுங்கள். முதல் ஐந்து நிமிடம் குறைவாகத் தோன்றும். பிறகு செவி தானே பழகிக்கொள்ளும்.